கியர் விழ மறுக்கும் அவுட்போர்டு: கேள்வி பதில்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பற்றி வந்த கேள்விகளில் பாதி "கியர் பெட்டியைப் பிரிக்கட்டுமா?" என்றுதான் முடிகின்றன. பிரிப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

பாம்பன்: அண்ணே, 25 குதிரை மோட்டார், ரிமோட் லீவர். ரெண்டு கையால தள்ளினாத்தான் கியர் விழுது. பெட்டி போயிடுச்சா?

பெட்டியை இப்போதே குறை சொல்லாதீர்கள் தம்பி. இன்ஜினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிட்டு, மேல்மூடியைக் கழற்றுங்கள். லீவரிலிருந்து வரும் ஷிப்ட் கேபிள் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு கிளிப் இருக்கும். அதை எடுத்துக் கேபிளை விடுவித்துவிட்டு லீவரை ஆட்டிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் குற்றம் கேபிளில் அல்லது லீவர் இருக்கும் ரிமோட் பெட்டியில். லீவர் லேசாகிவிட்டால் இன்ஜின் பக்கத்துக் கியர் கம்பியைக் கையால் தள்ளுங்கள். பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டு, கூட இருப்பவரை புரொபெல்லரை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். நின்ற இன்ஜினில் புரொபெல்லரைச் சுற்றாமல் தள்ளினால் நல்ல கியரே விழாது.

என் அனுபவத்தில் பெரும்பாலும் கேபிள்தான். உப்பு உள்ளே போய் கம்பி துருவேறியிருக்கும். எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். கேபிளை மாற்றிவிடுங்கள். புதுசு போடும்போது லீவரும் இன்ஜினும் நியூட்ரலில் இருக்கட்டும். யமஹாவில் கேபிளின் மரை, முனையில் மாட்டும் இணைப்புக்குள் குறைந்தது 8 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். நுனியில் மட்டும் பிடித்திருந்தால் அலையில் கழன்றுவிடும்.

தங்கச்சிமடம்: கியர் போடும்போது கடகடவென்று சத்தம். நான் மெதுவாக, பதமாகத்தான் போடுகிறேன்.

பதமாகப் போடுவதுதான் தப்பு! கியர் பெட்டிக்குள் முன் கியர், பின் கியர் இரண்டுமே மேலிருந்து வரும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தோடு எப்போதும் கடித்தபடி எதிரெதிராகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் புரொபெல்லர் தண்டின் மேல் டாக் கிளட்ச் என்று ஒரு துண்டு நகரும். அதன் காதுகள் எந்தக் கியரின் காதில் மாட்டுகிறதோ அந்தப் பக்கம் படகு போகும். காரில் கியர் மாட்டும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் இங்கே கிடையாது. மெதுவாகத் தள்ளினால் காதும் காதும் உரசி உரசி முனை மழுங்கும். இன்ஜின் ஐடிலுக்கு (ஆக்சிலேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்துக்கு) வந்ததும் தயங்காமல் ஒரே தள்ளு, ஒரு 'டக்'. அவ்வளவுதான்.

அப்படியும் சத்தம் வந்தால் ஐடில் வேகத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆர்.பி.எம்.மைத் தாண்டி ஓடினால் நீங்கள் எப்படிப் போட்டாலும் இடிக்கும்.

தூத்துக்குடி: முன் கியரில் போகும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தால் 'டம்' என்று நழுவி மறுபடி பிடிக்கிறது.

மேலே சொன்ன மழுங்கல் முற்றினால் வருவது இதுதான். ஆனால் முதலில் கேபிள் அளவைச் சரிபாருங்கள். லீவர் முழுதாகப் போனாலும் கிளட்ச் பாதிதான் மாட்டுகிறது என்றால் இதே நழுவல் வரும். அளவு சரியாக இருந்தும் நழுவினால் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் கிளட்சை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தேய்ந்த கியரோடு புதுக் கிளட்சும் சீக்கிரமே மழுங்கிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கடியப்பட்டணம்: இன்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை. சத்தம் ஏதும் இல்லை. கியர்தானே?

சத்தமில்லாத நழுவல் என்றால் எனக்கு முதல் சந்தேகம் புரொபெல்லர் மீதுதான். அதன் நடுவில் உள்ள ரப்பர் புஷ் விட்டுப்போயிருக்கலாம். உள் குழாயிலிருந்து வெளி உடல் வரை பெயிண்டில் ஒரு நேர்கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. மெதுவாகப் போனால் கரை சேரலாம்.

பருத்தித்துறை: வோட்டர் பம்ப் இம்பெல்லர் மாத்தினாப் பிறகு ரிவேர்ஸ் விழுகுதில்லை.

இம்பெல்லருக்காகக் கழற்றிய கீழ்ப் பாகத்தைத் திரும்ப மாட்டும்போது ஷிப்ட் ராட் (கியர் மாற்றும் கம்பி) மாறிப் பூட்டியிருக்கிறது. சின்ன மோட்டார்களில் மேல் ராடையும் கீழ் ராடையும் ஒரு இணைப்பு நட்டு சேர்க்கும். லாக் நட்டைத் தளர்த்தி, லீவர், கியர் இரண்டையும் நியூட்ரலில் வைத்து மறுபடி பிடியுங்கள். பிறகு புரொபெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். நியூட்ரலில் இரு பக்கமும் தாராளமாகச் சுற்ற வேண்டும், ரிவேர்ஸ் போட்டதும் பிடிக்க வேண்டும். கடலில் இறக்கிய பிறகு பார்ப்பது வேண்டாத வேலை.

பழவேற்காடு: ரிவர்ஸ் போட்டால் மோட்டார் மேலே தூக்குகிறது.

டில்ட் லாக் கொக்கி பிடிக்கவில்லை. மணல், துரு அடைத்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் வையுங்கள்.

தேவிபட்டினம்: கியர் ஆயில் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. மாற்றினால் போதுமா?

போதாது. தண்ணீர் உள்ளே போகும் வழியை அடைக்காமல் எத்தனை முறை மாற்றினாலும் வெள்ளைதான். புரொபெல்லரைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த தங்கூசி (நைலான் மீன்பிடி நூல்) தண்டில் சுற்றி, நூல்கண்டு போல இறுகி, ஆயில் சீலை வெட்டியிருக்கும். வலை போடுகிறவர்கள் எல்லோரும் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டிய இடம் இது. சீலை மாற்றியபின் எஸ்.ஏ.இ. 90 ஹைப்பாய்டு ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக, மேல் ஓட்டையில் வழியும் வரை ஏற்றுங்கள். முதலில் மேல் திருகை மூடிவிட்டு அப்புறம் கீழ்த் திருகு. வடிதிருகில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மை மாதிரி பொடி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. செதிலாக, துண்டாக இருந்தால் பெட்டியைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

பாம்பன் தம்பியே மறுபடி: நடுக்கடலில் கேபிள் அறுந்தால் என்ன செய்ய?

இன்ஜினை நிறுத்தி மூடியை எடுத்து, அறுந்த கேபிளைக் கழற்றி ஒதுக்குங்கள். கியர் கம்பியைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஐடிலில் ஓடும்போது முன்பக்கம் ஒரே தள்ளு. சட்டைக் கை, துண்டு எதுவும் இன்ஜின் மேல் சுழலும் பிளைவீல் பக்கம் போகக் கூடாது. கரை நெருங்கியதும் லீவரை நம்பாமல், இன்ஜினை முன்கூட்டியே நிறுத்திவிட்டுத் துடுப்பில் வாருங்கள்.