குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று ஏன் வறண்டு போகிறது? முழு வீட்டு ஹியூமிடிஃபையர் என்ன செய்யும்?

முழு வீட்டு ஹியூமிடிஃபையர் என்பது சூடான காற்றைக் குழாய் வழியே எல்லா அறைக்கும் அனுப்பும் ஹீட்டரோடு இணைக்கப்படும் ஈரப்பதமூட்டி. பெரும்பாலான வகைகளில் தண்ணீர் ஊறிய ஓர் அட்டை இருக்கும். அதன் வழியே காற்று போகும்போது தண்ணீர் ஆவியாகிக் கலந்துவிடும்.

சரி, காற்று ஏன் வறள்கிறது? 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 5 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். வெளியே இருந்து நுழையும் குளிர்காற்றைச் சூடாக்கினால் அதே 5 கிராம்தான் இருக்கும், ஆனால் கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடும். டம்ளர் நிறைய இருந்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றியது போல: தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் அடியில்தான் கிடக்கும். அந்தக் குடத்தை நிரப்பிக்கொள்ளத்தான் காற்று நம் தோல், உதடு, தொண்டை, மரச்சாமான் என்று எல்லாவற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கிறது.

ஈரப்பதம், அதாவது காற்றின் கொள்ளளவில் நீராவி நிறைந்திருக்கும் பங்கு, 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். வெளியே கடுங்குளிர் என்றால் இன்னும் குறைத்து வைக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் நீர் முத்து முத்தாகக் கோத்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் பூஞ்சை வரும். அட்டையை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தை 'எரித்துவிடுகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை எரிப்பதில்லை, குடத்தைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான்.