ஜூடி டென்ச்சின் அம்மா செய்த வேலை

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தாயும் தந்தையும் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். பிள்ளைக்கு 17 வயது. ஏ-லெவலில் உயிரியல், வேதியியல், சித்திரம் படிக்கிறாள். மருத்துவபீட நுழைவுக்கான யூகேட் தேர்வில் எதிர்பார்த்த புள்ளிகள் வரவில்லை. வீடு இரண்டுபட்டிருக்கிறது. பல்கேரியாவில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவரைப் பெரியப்பா பிடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மகள், தனக்கு நாடக அரங்குதான் வேண்டும் என்று வாய் திறந்துவிட்டாள். தாய் என் முன்னால் அழுதார். “நாங்கள் என்ன ஜூடி டென்ச்சின் குடும்பமா?” என்று அந்தப் பிரித்தானிய நடிகையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

ஒரு தேர்வில் புள்ளி குறைந்ததால் எந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் முடிந்துவிடுவதில்லை என்று அவரிடம் சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அழுகை ஓய்ந்த பிறகு சொல்ல நினைத்ததை, இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குவோம். ஜூடி டென்ச்சின் குடும்பம் எப்படிப்பட்டது? அவர் 1934 டிசம்பர் 9 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். தந்தை மருத்துவர். ஊரிலிருந்த நாடக அரங்கின் கலைஞர்களுக்கும் அவர்தான் வைத்தியம் பார்த்தார். தாய் அதே அரங்கின் உடைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். ஊர் ஊராகப் போகும் நடிகர்கள் அந்த வீட்டில் தங்கிப் போவார்கள். ஆக, அது ஒரு டாக்டர் வீடு. அந்த டாக்டர் வீட்டிலிருந்துதான் மகன் ஜெஃப்ரியும் மகள் ஜூடியும் மேடைக்குப் போனார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூடி முதலில் நடிகையாக விரும்பவில்லை. மேடைக்கான அரங்க வடிவமைப்பைப் படிக்க யார்க்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1953இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த ‘கிங் லியர்’ நாடகத்தைப் பார்க்கப் போனார். மேடையில் ராபர்ட் கஹூன் வடிவமைத்த ஒரே அமைப்பு. நடுவில் ஒரு பாறை. அது சுழன்று அரியணையாகும், குகையாகும். பெரிய அப்பளம் ஒன்றைப்போல இருந்தது என்று ஜூடியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இப்படி யோசிக்கும் கற்பனை தன்னிடம் இல்லை என்று அந்த இரவில் அவருக்குப் பட்டது. அண்ணன் படித்துக்கொண்டிருந்த சென்ட்ரல் நாடகப் பள்ளியில் தானும் சேர்ந்தார்.

18 வயதில் ஒரு பெண் தன் பலத்தைத் தானே அளந்து வழியை மாற்றிக்கொண்டாள். அந்த அளவுகோலை வேறு யாரும் அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அதற்கு நேர்மாறானது.

நடிப்பு வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1957இல் லண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவில், ‘ஹாம்லெட்’ நாடகத்தின் ஒஃபீலியாவாக ஜூடி அறிமுகமானார். விமர்சகர்கள் பலர் கடுமையாக எழுதினார்கள். அந்த நாடகம் அமெரிக்கா போனபோது ஒஃபீலியா வேடம் வேறொருவருக்குப் போயிற்று. ஜூடி குழுவைவிட்டு ஓடிவிடவில்லை. கிடைத்த சிறிய வேடங்களையும் நடித்தபடி அங்கேயே இருந்தார். முகத்தில் எல்லாமே பிழையாக இருக்கிறது என்று ஒரு திரைப்பட இயக்குநர் அவரிடம் நேரடியாகவே சொன்னார். மேடையில் 1960களிலும் 70களிலும் முன்னணிக்கு வந்துவிட்டார். 1976இல் இயன் மெக்கெல்லனுடன் நடித்த ‘மெக்பெத்’ இன்றும் பேசப்படுகிறது. ஆனால் உலகம் முழுக்க அந்த முகம் தெரியவந்தது 1995இல், ஜேம்ஸ் பாண்ட் படத்தில் உளவுத்துறைத் தலைவி ‘எம்’ ஆக வந்தபோதுதான். அப்போது அவருக்கு 60 வயது. ஒஃபீலியாவுக்கும் ‘எம்’முக்கும் நடுவே 38 ஆண்டுகள்.

உங்கள் மகள் நடிப்பைக் கேட்டிருந்தால் இந்த 38 ஆண்டுகளைத்தான் அவள் முன்னால் வைத்துப் பேசியிருப்பேன். அவள் அதைக் கேட்கவில்லை. ‘நாடக அரங்கு’ என்றதும் நீங்கள் எல்லோரும் நடிகை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பெரியம்மா கல்யாணச் சந்தை வரைக்கும் போய்விட்டார். அந்தப் பிள்ளையிடம் ஒருவராவது “அங்கே என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். பையிலிருந்து வரைபுத்தகத்தை எடுத்தாள். பாடசாலை நாடகத்துக்குத் தைத்த உடைகள், மச்சாளின் அரங்கேற்றத்தில் கடைசி நிமிடத்தில் கிழிந்த விசிறி மடிப்பைத் திரும்பப் பொருத்திய விதம், அட்டையில் செய்த சிறு மேடைகள் எல்லாம் அதில் இருந்தன. ரவிக்கை தைக்க நீங்கள் சொல்லிக்கொடுத்த வெட்டு முறையில் எதை எங்கே மாற்றினாள் என்று விரல் வைத்துக் காட்டினாள். மேடையில் நிற்பவர்களுக்கு உடுத்த அவளுக்கு ஆசை. தான் மேடையில் நிற்பதைப் பற்றி ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை.

இதே உறவினர்கள்தான் மண்டபம் எடுத்து, பக்கவாத்தியக் கலைஞர்களைச் சென்னையிலிருந்து வரவழைத்து, ஆயிரக்கணக்கான பவுண் செலவழித்து இந்தப் பிள்ளைகளை மேடையேற்றினார்கள். ஒரு மாலைப் பொழுதுக்கு மேடை கௌரவம், அதுவே தொழிலானால் அவமானம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

மருத்துவம், பல் மருத்துவம், மருந்தாளர், கணக்காளர் வழிகளைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத வழியைப் பற்றிப் பேசுகிறேன்.

1999 மார்ச்சில் ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்துக்காக ஜூடி டென்ச் ஆஸ்கார் வாங்கினார். முதலாம் எலிசபெத் அரசியாக அவர் திரையில் இருந்தது ஏறக்குறைய எட்டு நிமிடங்கள்தான். அதே படத்துக்கு அதே இரவில் உடை வடிவமைப்புக்கான ஆஸ்காரும் கிடைத்தது. வாங்கியவர் சாண்டி பவல். லண்டனில் வளர்ந்தவர், தாயிடம் தையல் கற்றவர். பிறகு ‘தி ஏவியேட்டர்’, ‘தி யங் விக்டோரியா’ படங்களுக்காக இன்னும் இரண்டு ஆஸ்கார் வாங்கினார். அந்த எட்டு நிமிடங்களில் அரசியாகத் தெரிவதற்கு நடிகையின் திறமை எவ்வளவு வேண்டுமோ, அவரைத் தாங்கி நிற்கும் உடையும் அவ்வளவு வேண்டும்.

அப்படி ஓர் உடை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வடிவமைப்பாளர் வரைந்து, துணித் துண்டுகளை ஒட்டிக் கொடுப்பார். உடை மேற்பார்வையாளர் பணத்தையும் நாட்களையும் கணக்குப் போடுவார். வெட்டுபவர் நடிகரின் அளவை எடுத்து, முதலில் மலிவான காலிகோ துணியில் மாதிரி தைத்து உடம்பில் போட்டுப் பார்ப்பார். அது சரிவந்த பிறகே விலையுயர்ந்த பட்டில் கத்தரிக்கோல் படும். எலிசபெத் காலத்துப் பாவாடை என்றால் உள்ளே வளையக் கூண்டு, மேலே விறைப்பான கச்சு, கழுத்தில் நூற்றுக்கணக்கான மடிப்புகள் கொண்ட பட்டை. இவற்றைத் தைக்கத் தனிக் கை வேண்டும். சாயம் போடுபவர் இருக்கிறார். புத்தம்புதிய உடையை உப்புத்தாளாலும் சீஸ் துருவியாலும் தேய்த்து, பத்து வருடம் உடுத்திய சேற்று உடையாக மாற்றுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். தொப்பி செய்பவர் வேறு, ஒவ்வொரு முடியாகக் கோத்துப் பொய்முடி கட்டுபவர் வேறு. நாடகம் ஓடும்போது இருட்டில் நின்று சில நொடிகளுக்குள் நடிகரின் உடையை மாற்றிவிடுபவர் இன்னொருவர். இவர்களில் எவரும் வேடத்துக்காக நடிப்புத் தேர்வு வரிசையில் நிற்பதில்லை. முகத்தில் என்ன பிழை என்று எவரும் அவர்களிடம் சொல்லப் போவதுமில்லை.

அரங்கப் பக்கமும் இப்படித்தான். ஜூடி கைவிட்ட அந்தத் தொழிலில் இன்றும் முதல் வேலை, மேடையை 25இல் ஒரு பங்கு அளவில் அட்டையில் கட்டுவது. உங்கள் மகள் தன் அறையில் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துகொண்டிருக்கிறாள்.

வேலை எங்கே என்று தந்தை கேட்டார். நல்ல கேள்வி. ஹாரோவிலிருந்து வடக்கே வாட்ஃபோர்ட் பக்கம் லீவ்ஸ்டன் படப்பிடிப்பு நிலையம். வடகிழக்கே போர்ஹம்வுட்டில் எல்ஸ்ட்ரீ. மேற்கே பைன்வுட். சற்றுத் தெற்கே ஷெப்பர்டன். பிரித்தானியாவின் பெரிய ஸ்டூடியோக்களுக்கு நடுவில்தான் நீங்கள் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். தேம்ஸ் கரையிலுள்ள நேஷனல் தியேட்டர் தன் உடைகளையும் அரங்கப் பொருட்களையும் தன் கூரையின் கீழேயே செய்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்துக்கும் சொந்த உடைப் பட்டறை இருக்கிறது.

இதைப் படிக்கும் இடங்களும் எட்டும் தூரத்தில்தான். ஜூடி படித்த சென்ட்ரல் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் பகுதி. சுவிஸ் காட்டேஜில் இருக்கிறது. கில்ட்ஹால், விம்பிள்டன் கலைக் கல்லூரி, சிட்கப்பில் ரோஸ் புரூஃபர்ட் ஆகியவற்றிலும் உடை, அரங்கம், மேடைத் தயாரிப்புக்கான பட்டப்படிப்புகள் உண்டு. பெரும்பாலும் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்து நேர்முகம் வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதில் அழகான முடிவுகளை மட்டும் அடுக்கக் கூடாது. தைத்துப் பிரித்தது, தவறிப்போன வெட்டு, ஏன் மாற்றினேன் என்ற குறிப்பு எல்லாம் இருக்கவேண்டும். யோசிக்கும் முறையைத்தான் அவர்கள் பார்க்க விரும்புவார்கள்.

இந்தத் தொழிலின் கஷ்டத்தையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். பலர் ஒப்பந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறார்கள். ஒரு தயாரிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை வருமானம் நிற்கலாம். நாடகம் திறக்கும் வாரத்தில் இரவு 11 மணிக்கு வீடு வந்தால் அதிர்ஷ்டம். தொடக்கச் சம்பளம் மருத்துவரின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. மேடை, திரைப் பணியாளர்களுக்கான பெக்டு தொழிற்சங்கத்தில் முதல் நாளே சேர்ந்து, அது பேசி முடித்த சம்பள விகிதத்தைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். இலவசமாக வேலை பார், பெயர் கிடைக்கும் என்று சொல்பவரிடமிருந்து பிள்ளை விலகி நிற்கவேண்டும். ஆனால் வெட்டவும் தைக்கவும் தெரிந்த கை நாடகத்திலும் ஓபராவிலும் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் மாறி மாறி வேலை செய்யும்.

இனிப் பணம். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டில் பட்டப்படிப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுணாக இருந்தது. தகுதியுள்ள மாணவருக்கு அரசுக் கடன் அதை முழுதாகக் கட்டும். ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும் வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தாண்டினால் மேலதிகத் தொகையில் 9 சதவீதம். 40 ஆண்டுகளில் மீதி தள்ளுபடி. வெளிநாட்டில் முழுப் பட்டம் படிக்க இந்தக் கடன் கிடையாது. பல்கேரியா என்றால் ஆறு ஆண்டுக் கட்டணமும், தங்குமிடமும், விமானச் சீட்டும் உங்கள் கையிலிருந்து போகவேண்டும். வீட்டை மறுபடி அடமானம் வைத்து, சீட்டுப் பிடித்து, தாலிக்கொடியை வங்கியில் வைத்து, விரும்பாத பிள்ளையை விரும்பாத படிப்புக்கு அனுப்பாதீர்கள். மூன்றாம் ஆண்டில் அவள் திரும்பி வந்தால் பெரியப்பா அந்தக் கடனைக் கட்டப்போவதில்லை. மருத்துவத்தை உண்மையாகவே விரும்பும் பிள்ளையென்றால் வேறு கணக்குப் போடலாம். அடுத்த ஆண்டு யூகேட்டை இன்னொரு முறை எழுதச் சொல்லியிருப்பேன். இவள் அந்தப் பிள்ளை இல்லை.

அதே கண்டிப்பு மறுபக்கமும் உண்டு. நாடகத்தின் பெயரால் ஒரு வருடத்துக்குப் பெரும் கட்டணம் வாங்கி, அரசுக் கடனும் பட்டமும் இல்லாத சான்றிதழ் தரும் தனியார் வகுப்புகளுக்கு ஒரு பவுணும் கொடுக்க வேண்டாம். கடனே வேண்டாம் என்றால், சம்பளத்தோடு பயிற்சி தரும் தொழிற்பயிலுநர் இடங்களைப் பெரிய அரங்குகளின் இணையப் பக்கங்களில் தேடச் சொல்லுங்கள்.

இப்போது செய்யவேண்டியது இதுதான். முகவருக்கு முன்பணம் கட்டாதீர்கள். அக்டோபர் 15 மருத்துவ விண்ணப்பத்துக்கான கடைசி நாள். அந்தத் தேதி உங்களுடையதல்ல. மற்றப் படிப்புகளுக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஏற்கும் யூகாஸில் ஜனவரி வரை நேரம் இருக்கிறது. நேஷனல் தியேட்டரில் மேடைக்குப் பின்னால் சுற்றிக்காட்டும் நடை உண்டு. டிக்கெட் எடுத்து மூவரும் போய்ப் பாருங்கள். சில நாடகப் பள்ளிகளுக்குத் தனி விண்ணப்பமும் தனித் தேதியும் உண்டு. அவற்றைப் பிள்ளையே தேடி ஒரு தாளில் எழுதட்டும். நவம்பரில் அந்தத் தாளோடும் வரைபுத்தகத்தோடும் என்னிடம் வாருங்கள். நீங்கள் மூவர் மட்டும் வந்தால் போதும்.