கணையப் புற்றுநோயும் ஒட்டுப் புரதங்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: செல்களைப் பிடித்து வைத்திருப்பவை ஒட்டுப் புரதங்கள்தானே? அவற்றை மருந்தால் அறுத்துவிட்டால் கட்டி உதிர்ந்துவிடாதா?

உதிரும். உதிர்ந்த செல் நேரே கல்லீரலுக்குப் போகும், பரவாயில்லையா? செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் குறையக் குறையத்தான் புற்றுச் செல் பக்கத்துச் செல்லை விட்டு விலகி நகரத் தொடங்குகிறது. ஆகவே இ-கேட்ஹெரினைத் தடுக்க யாரும் மருந்து தேடுவதில்லை. இன்டெக்ரின்கள் கதை வேறு: சுற்றியுள்ள நார்த்திசுவைப் பற்றிக்கொண்டு, ‘பிழைத்திரு, பெருகு’ என்று செல்லுக்குள் செய்தி அனுப்புபவை. ஆகவே ஒட்டுப் புரதம் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எந்தப் புரதம் என்று எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் கேன்சர். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். எந்த டார்கெட் மருந்து கொடுக்கலாம்?

நீங்கள் இணைத்திருப்பது ஸ்கேன் ரிப்போர்ட். பயாப்ஸியைக் காணோம். டக்டல் அடினோகார்சினோமாவா (கணைய நாளத்தின் செல்களைப் போன்ற புற்று), நியூரோஎண்டோகிரைன் கட்டியா (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றுவது)? ஒரே உறுப்பில் வந்தாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு, ஆயுள் கணக்கும் வேறு. எத்தனை முறை எழுதுவது? முதலில் வகை, பிறகுதான் மருந்து. (கீழே உள்ள பதில்கள் எல்லாம் அடினோகார்சினோமாவுக்கு.)

கேள்வி: பயாப்ஸியில் கிளாடின் 18.2 பாசிட்டிவ். சோல்பெடுக்ஸிமாப் போடலாமா?

கிளாடின் 18.2-உம் செல்களை நெருக்கி ஒட்டவைக்கும் ஒரு புரதம். சோல்பெடுக்ஸிமாப் அதைக் குறிவைக்கும் மருந்து. அமெரிக்காவில் 2024-இல் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது இரைப்பைக்கும், உணவுக்குழாய் அதனுடன் சேரும் இடத்துக்கும். கணையத்துக்கு அல்ல. இயல்பான கணையத்தில் கிளாடின் 18.2 கிட்டத்தட்டக் கிடையாது, புற்றாகும்போது தலைகாட்டுகிறது. அதனால்தான் இத்தனை ஆர்வம். இரைப்பையில் அது இயல்பாகவே உண்டு என்பதால் குமட்டலும் வாந்தியும் கடுமையாகவே வரும். வெறும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லும் போதாது: இரைப்பைப் புற்றில் 75 சதவீதச் செல்களாவது நன்றாகச் சாயம் ஏற்க வேண்டும் என்பது விதி. உங்கள் ரிப்போர்ட்டில் சதவீதம் எங்கே? அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பொருத்தமான ட்ரையல் (மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனை) இருக்கிறதா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள்.

கேள்வி: ஒரு ஒட்டுப் புரதத்தைத் தடுத்ததும் எலிகளில் கணையக் கட்டி மறைந்துவிட்டது என்று செய்தி படித்தேன். மனிதர்களுக்கு எப்போது வரும்?

ஒவ்வொரு மாதமும் இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு மாதமும் எரிச்சல்தான் வருகிறது, கேட்டவர் மேல் அல்ல, தலைப்பு போட்டவர் மேல். அந்த எலிகளில் பலவற்றுக்குக் கட்டியை ஊசியால் தோலுக்கடியில் ஏற்றியிருப்பார்கள். மனிதக் கணையக் கட்டியில் பெரும்பகுதி இறுகிய நார்த்திசு. தோலடிக் கட்டியில் அது அப்படியே உருவாவதில்லை. ஒட்டுப் புரதம் பற்றிக்கொள்ளும் பிடிமானமே இல்லாத இடத்தில் அதைத் தடுத்துப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

இதைவிட நல்ல எலியும் உண்டு: கே-ராஸ், பி-53 மரபணுக்களை மாற்றி, கணையத்திலேயே கட்டி வளரச் செய்த எலி. அதுவும் ஏமாற்றியிருக்கிறது. சிடி-44 என்ற ஒட்டுப் புரதம் பற்றிக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலி ஹயலுரோனன். அதைக் கரைக்கும் என்சைமைக் கொடுத்தபோது, நசுங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் திறந்து கீமோ உள்ளே போனது, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. இது 2012. ஹயலுரோனன் மிகுந்த நோயாளிகள் சுமார் 500 பேரிடம் நடத்திய மூன்றாம் கட்ட ட்ரையல் 2019-இல் தோற்றது. என்சைம் பெற்றவர்களும் பெறாதவர்களும் வாழ்ந்தது ஏறக்குறைய 11 மாதம்தான். அதற்கு முன்பு, நார்த்திசுவை ஒழிக்க, அதை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற செய்திப் பாதையின் தடுப்பானைக் கொடுத்த ட்ரையலில், மருந்து பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாகி, பாதியில் நிறுத்தினார்கள். நார்த்திசு குறைந்தால் கட்டி மூர்க்கமாகிறது என்று 2014-இல் சொன்னதும் எலிகள்தான்!

எலிச் செய்தி படித்தால் மூன்று கேளுங்கள்: கட்டி எங்கே வளர்ந்தது, மருந்து தொடங்கும்போது ஏற்கெனவே பரவியிருந்ததா, மனிதரில் எத்தனையாவது கட்டம். பதில் இல்லாத செய்தியை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் இந்தப் புரதங்களால் பயனே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற இன்டெக்ரின் இயல்பான திசுவில் மிகக் குறைவு, கணையக் கட்டியில் ஏராளம். அதைத் தடுப்பதைவிட, கட்டி இருக்குமிடத்தை பெட் ஸ்கேனில் காட்டவும் மருந்தைக் கொண்டு சேர்க்கவும் அடையாளமாகப் பயன்படுத்துவதில்தான் எனக்கு நம்பிக்கை. இன்டெக்ரினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஃபேக் (FAK) என்ற என்சைமின் தடுப்பானையும் கவனித்து வருகிறேன். அத்தகைய தடுப்பானான டிஃபாக்டினிப் 2025-இல் ஒரு வகைச் சினைப்பைப் புற்றுக்கு, வேறொரு மருந்தோடு சேர்த்து, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கணையத்தில் இன்னும் சோதனைதான்.

கேள்வி: சி.ஏ. 19-9-க்கும் செல் ஒட்டுதலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சி.ஏ. 19-9 என்பது கணையப் புற்றில் ரத்தத்தில் அளக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சர்க்கரையைத்தான் ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள இ-செலக்டின் பற்றுகிறது. ஆனால் அதை வைத்து நோயைத் தேடாதீர்கள். பித்தக்குழாய் அடைத்தாலே எகிறும். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அது உற்பத்தியே ஆகாது.

கேள்வி: குடும்பத்தில் இ-கேட்ஹெரின் மரபணு மாற்றம் இருக்கிறது. கணையத்தைப் பரிசோதிக்க வேண்டுமா?

இரைப்பையையும் மார்பகத்தையும் கவனியுங்கள். கணையத்துக்கு முதலில் பார்ப்பது பி.ஆர்.சி.ஏ.-2, ஏ.டி.எம். போன்ற மரபணுக்களை.

கேள்வி: செல் ஒட்டுதலில் பங்கேற்கும் கேலக்டின்-3 என்ற புரதத்தைத் தடுக்கும் என்று பெக்டின் (பழநார்) பொடி விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். கணையப் புற்றில் அது உயிர் காத்ததாக எந்தச் சான்றும் இல்லை. எடை குறைந்துகொண்டே போனால், செரிமானத்துக்கான கணைய என்சைம் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.