குதிரை, பட்டாணி, ஷட்டர்: புகைப்படமும் அனிமேஷன் வரலாறும் – கேள்வி பதில்

விஸ்காம் இறுதியாண்டு மாணவி ஒருவர் "புகைப்படக் கலையும் அனிமேஷன் வரலாறும்" என்று புராஜெக்ட் எடுத்திருக்கிறார். ஸ்டாப் மோஷன் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் ஃபோட்டோ எடுத்து ஓட்டுவது) விளம்பரங்கள் எடுப்பவரும் கல்லூரியில் அனிமேஷன் வரலாறு நடத்துபவருமான ஒருவரிடம் அவர் சந்தேகம் கேட்கப் போக, கூட இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள்.

விஸ்காம் மாணவி, கோவை: அக்கா, எங்கள் ஹெச்ஓடி "இது ரெண்டும் ரெண்டு பேப்பர், எப்படி ஒரே புராஜெக்ட்ல வரும்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

ஒரு பதில் போதும்மா. கணினி வரும்வரை, திரைக்கு வந்த அனிமேஷன் எல்லாமே ஏறக்குறைய புகைப்படம்தான். 1937-ல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்'டையே எடுத்துக்கொள். செல்லுலாய்டு தாளில் வரைந்த உருவத்தைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலே தொங்கும் கேமராவில் ஒவ்வொரு பிரேமாகக் கிளிக் செய்தார்கள். அதுவும் டெக்னிகலர் என்பதால் ஒரே படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஃபில்டர் வழியாகக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் மூன்று தடவை எடுக்க வேண்டும். பிறகு லேபில் மூன்றும் ஒரே வண்ணப்படமாகச் சேரும். அதே வருடம் 'தி ஓல்டு மில்' குறும்படத்துக்குப் பயன்படுத்திய மல்டிபிளேன் கேமராவில் ஓவியங்கள் கண்ணாடி அடுக்குகளில் தள்ளித் தள்ளி இருக்கும். கேமரா நகரும்போது முன்னால் இருக்கும் மரம் வேகமாகவும் பின்னால் இருக்கும் மலை மெதுவாகவும் நகர்வது போலத் தெரியும். இதெல்லாம் ஓவியனின் வேலையா, கேமராக்காரரின் வேலையா? 1990-ல் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுக்கக் கணினியில் வண்ணம் தீட்டி வந்த பிறகுதான் டிஸ்னி கூடத்தில் கேமராவுக்கு வேலை போனது.

இதை முதல் அத்தியாயமாக வை. ஹெச்ஓடி அதற்கு மேல் கேட்க மாட்டார்.

அதே மாணவி: அப்படியென்றால் புகைப்படம் முதலில், அனிமேஷன் பிறகு என்று வரிசைப்படுத்தலாமா?

கூடாது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாத்தோ, வியன்னாவின் சைமன் ஸ்டாம்ஃபர் இருவரும் தனித்தனியாக 1832-33 வாக்கில் சுழலும் தட்டுகளைச் செய்துவிட்டார்கள். வட்ட அட்டையின் விளிம்பில் துளைகள், அதில் சுற்றிலும் படங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் சுழற்றித் துளை வழியாகப் பார்த்தால் உருவம் ஆடும். டாகெரின் புகைப்பட முறை உலகத்துக்குத் தெரிந்தது 1839-ல். அப்போதும் ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். ஓவியம் நகர ஆரம்பித்துவிட்டது, புகைப்படத்துக்கோ நிற்பதைப் பிடிக்கவே மூச்சு வாங்கியது. எக்ஸ்போஷர் நேரம், அதாவது படம் பதிய ஒளி விழ வேண்டிய நேரம், நொடியின் சிறு பகுதிக்கு இறங்கிய பிறகுதான் இரண்டும் சந்தித்தன.

குறும்பட ஆர்வலர், மதுரை: புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் படம் எடுத்தது 25,000 டாலர் பந்தயத்துக்காக என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா மேடம்?

பந்தயத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்குப் பந்தயக் குதிரைகள் மேல் பைத்தியம். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகிறதா என்பது அவருக்குப் பயிற்சி சம்பந்தப்பட்ட கேள்வி. 1878 ஜூனில், பாலோ ஆல்டோவில், ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்கள் 27 அங்குல இடைவெளியில் நின்றன. குறுக்கே கட்டிய நூலைக் குதிரை அறுத்துக்கொண்டு போகப் போக ஷட்டர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. காலெல்லாம் எழத்தான் செய்கிறது. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தபடி முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது.

உங்களுக்குப் பயன்படும் விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அதே வருடம் அக்டோபரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் அந்தப் படங்களைச் செதுக்கோவியமாக மாற்றி அச்சிட்டு, வெட்டி சோயட்ரோப்பில் (துளைகள் வழியாகப் பார்க்கும் சுழல் உருளைப் பொம்மை) ஒட்டிப் பாருங்கள் என்றது. புகைப்படம் ஓவியமாகி, ஓவியம் பொம்மையில் ஓடியது! 1879-ல் மைபிரிட்ஜ் செய்த ஜூப்ராக்ஸிஸ்கோப் என்ற புரொஜெக்டரிலும் இதே கதைதான். கண்ணாடித் தட்டில் இருந்தவை புகைப்படங்கள் அல்ல, அவற்றைப் பார்த்துக் கையால் தீட்டியவை. துளைத்தட்டு எதிர்ப்பக்கமாகச் சுழல்வதால் உருவங்கள் திரையில் ஒடுங்கித் தெரியும், அதைச் சரிக்கட்ட முன்கூட்டியே நீட்டி வரைந்தார்கள். அந்தத் தட்டைத் தனியாகப் பார்த்தால் குதிரைகள் ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும்.

என்னைக் கேட்டால், மைபிரிட்ஜ் ஷோக்காரர், அறிவியல் மனம் பிரான்சின் எத்தியேன் மரேயுடையது. 1882-ல் மரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார், நொடிக்கு 12 படம், பறவைகளைக் 'சுட'. பிறகு ஒரே பிளேட்டில் நகர்வின் எல்லாக் கட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வைத்தார். மைபிரிட்ஜின் 1887 தொகுப்பில் 781 பிளேட்டுகள் உண்டு. அவற்றில் கணிசமானவை உண்மையான தொடர்வரிசை அல்ல, அழகுக்காகச் சேர்த்து அடுக்கியவை என்று ஆய்வாளர் மார்த்தா பிரவுன் காட்டியிருக்கிறார். புராஜெக்டில் 'அறிவியல் ஆதாரம்' என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

பி.எட். மாணவர், திருநெல்வேலி: படம் நகர்வதற்குக் காரணம் "பார்வை நிலைப்பு" என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தேர்வில் அதை எழுதலாமா?

மார்க் வேண்டுமென்றால் எழுதுங்கள் தம்பி. ஆனால் விளக்கம் அதோடு முடியாது. முந்தைய படம் கண்ணிலேயே தங்குவதுதான் காரணம் என்றால், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பத்தானே வேண்டும்? மரேயின் அந்த ஒற்றை பிளேட் மாதிரி. ஒளி விட்டுவிட்டு வருவது தெரியாமல் போவது ஒரு விஷயம், இரண்டு நிலைகளுக்கு நடுவே மூளை நகர்வை உணர்வது வேறு விஷயம். இரண்டாவதை 1912-ல் மாக்ஸ் வெர்தைமர் சோதனை செய்து எழுதினார். வைவாவில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள், எக்ஸ்டெர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டில் போனில் எடுப்பவர், சென்னை: ஸ்டாப் மோஷன் எடுத்தால் வீடியோ மினுக் மினுக் என்று வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாலு ஆப் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

ஆப்பில் கோளாறு இல்லை. போன் ஒவ்வொரு கிளிக்குக்கும் புதிதாக யோசிக்கிறது. பொம்மையின் வெள்ளைக் கை சட்டத்துக்குள் வந்தால் இருட்டாக்கும், போனால் வெளிச்சமாக்கும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வைட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ நான்கையும் மேனுவலில் பூட்டுங்கள். புரோ மோடு இல்லாத போன் என்றால் திரையை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் மட்டுமாவது பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஜன்னல். மேகம் ஒன்று போனால் பத்து பிரேம் காலி. ஜன்னலைக் கருப்புத் துணியால் மூடி விளக்கில் எடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/500 நொடியில் இருந்தால் ஒரு பிரேம் துடிப்பின் உச்சத்திலும் இன்னொன்று பள்ளத்திலும் மாட்டும். 1/50 அல்லது அதைவிட மெதுவாக, 1/10 கூட வைக்கலாம், பொம்மை ஓடப் போவதில்லை.

மூன்றாவது நீங்கள்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் நீங்களே ஒரு ரிஃப்ளெக்டர். கருப்பு டி-ஷர்ட் போட்டு, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள். போனைத் தொடாமல் புளூடூத் ரிமோட்டில் எடுங்கள்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு: எல்லாம் மேனுவலில் இருந்தும் மினுக்கினால் காரணம் அப்பர்ச்சர், லென்ஸுக்குள் இதழ்களால் ஆன ஒளித்துளை. ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்த இதழ்கள் மூடித் திறக்கும்போது மயிரிழை வித்தியாசம் வரும். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால் தீர்ந்தது. 2005-ல் வந்த 'கார்ப்ஸ் பிரைட்' படத்தையே கேனான் டிஎஸ்எல்ஆரில் நிக்கான் லென்ஸ் மாட்டித்தான் எடுத்தார்கள்.

ஐடி ஊழியர், பெங்களூரு: முதல் அனிமேஷன் படம் எடுத்தது வால்ட் டிஸ்னிதானே?

இல்லை. டிஸ்னி பிறந்தது 1901-ல். பாரிஸின் கிரேவின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் 1892 அக்டோபர் 28 அன்றே எமில் ரெய்னோ காசு வாங்கி அனிமேஷன் காட்டிவிட்டார். லூமியேர் சகோதரர்களின் கட்டணக் காட்சிக்கு மூன்று வருடம் முன்னால். கேமராவே கிடையாது. 'போவ்ர் பியெரோ' படத்துக்குச் சுமார் 500 படங்களை ஒவ்வொன்றாக ஜெலட்டின் சட்டங்களில் கையால் தீட்டி, துளையிட்ட நாடாவாகக் கோத்து, தானே முன்னும் பின்னும் சுற்றி ஓட்டினார். சினிமா வந்ததும் கூட்டம் குறைந்தது. கடைசிக் காலத்தில் மனம் வெறுத்துப் பெரும்பாலான நாடாக்களை செய்ன் நதியில் எறிந்துவிட்டார், இரண்டுதான் மிஞ்சின. அக்டோபர் 28-ஐ உலக அனிமேஷன் தினமாகக் கொண்டாடுவது அவருக்காகத்தான்.

ஃபிலிமில் எடுத்த ஓவிய அனிமேஷன் என்றால் 1908-ல் எமில் கோல் எடுத்த 'ஃபாண்டாஸ்மகோரி'. சுமார் 700 ஓவியங்கள், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த மாதிரி இருக்கும், ஆனால் சாக்பீஸ் கிடையாது. வெள்ளைத் தாளில் கருப்பு மையால் வரைந்து, நெகட்டிவையே திரையில் காட்டினார். டார்க்ரூம் தெரிந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய குறுக்குவழி!

கல்லூரி மாணவர், திருச்சி: இந்தியாவில் யார் முதலில்?

பால்கே. அவர் படமெடுக்க வரும்முன் கோத்ராவில் புகைப்பட ஸ்டுடியோ வைத்திருந்தவர், அச்சுத் தொழிலும் தெரிந்தவர். முதல் படத்துக்குப் பணம் வேண்டும், கொடுப்பவருக்கு நம்பிக்கை வர வேண்டும். ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, ஒரு மாதத்துக்கும் மேல் விட்டுவிட்டுப் பிரேம் பிரேமாக எடுத்து, விதை முளைத்துச் செடியாவதை ஒரு நிமிடச் சொச்சத்தில் காட்டினார். பணம் வந்தது, 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வும் வந்தது. பட்டாணிச் செடியை நகர்த்தியது இயற்கை, நேரத்தைச் சுருக்கியது மட்டுமே பால்கே என்பதால் அதை டைம்லாப்ஸ் என்போம். ஆனால் கேமரா செய்த வேலை ஸ்டாப் மோஷனில் செய்வதேதான். 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நிஜமான ஸ்டாப் மோஷனும் எடுத்தார். நம் நாட்டில் சினிமாவுக்குப் பணம் பிறந்ததே ஒற்றை பிரேம் வித்தையால்தான் என்பதை எந்த மேடையிலும் சொல்லலாம்.

அரசு வழியில் முறையான பயிற்சி தொடங்கியது 1956-ல். டிஸ்னியில் இருந்த கிளேர் வீக்ஸ் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து ஆட்களைப் பழக்கினார்.

நாடகக் குழு உறுப்பினர், யாழ்ப்பாணம்: தோல்பாவைக் கூத்தை அனிமேஷன் என்று சொல்லலாமா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. பாவைக் கூத்தில் கலைஞரின் கை அந்த நேரத்திலேயே ஆட்டுகிறது, பார்ப்பவர் அதே நேரத்தில் பார்க்கிறார். அனிமேஷனில் ஆட்டிய கை சட்டத்துக்கு வெளியே போன பிறகுதான் ஷட்டர் திறக்கும். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் நிழற்கூத்தின் உருவங்களை எடுத்து இந்த இரண்டாவது முறையில் ஆட வைத்தார். மூட்டு வைத்த அட்டைப் பாவைகள், கீழிருந்து வெளிச்சம், மேலே கேமரா. மூன்று வருட வேலைக்குப் பிறகு 1926-ல் 'இளவரசர் அஹமது' முழுநீளப் படமாக வந்தது.

கேம் டிசைனர், சென்னை: ரோட்டோஸ்கோப், அதாவது நிஜப் படத்தின் மேல் வைத்து வரைவது, ஏமாற்று வேலைதானே?

மாக்ஸ் ஃப்ளைஷர் 1915-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதே இந்த முணுமுணுப்பு இருந்திருக்கும். தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டிப் படமெடுத்து, பிரேம் பிரேமாகக் கண்ணாடியில் காட்டி மேலே வரைந்தார். அப்படியே நகல் எடுத்தால் உருவம் உயிரில்லாமல் வழுக்கும். எதை விடுவது என்று தெரிந்தவருக்கு அது நல்ல கருவி.

ஆறாம் வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர்: பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே செய்து காட்ட ஏதாவது?

சோயட்ரோப் செய்யுங்கள் டீச்சர். உருளையில் 12 துளை, உள்ளே 12 படம். வெளிப்பக்கம் கருப்புத்தாள் ஒட்டுங்கள், துளை மெல்லியதாக இருக்கட்டும், அதுதான் ஷட்டர். துளை இல்லாமல் சுற்றினால் வெறும் மங்கல்தான், அதையும் காட்டுங்கள். பிறகு 12 துளைக்கு 13 படம் வைத்துச் சுற்றுங்கள், உருவங்கள் ஆடிக்கொண்டே பக்கவாட்டில் நடக்கும். பிள்ளைகள் விட மாட்டார்கள்.

பழைய ரெக்கார்டு பிளேயர் கிடைத்தால் துளையே வேண்டாம். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் தட்டைச் சுழற்றி, போனில் நொடிக்கு 30 பிரேம் வீடியோ எடுத்தால் ஒரு சுற்றுக்கு 40 பிரேம். ஆகவே தட்டைச் சுற்றி 40 படம் வரைய வேண்டும். போனின் ஷட்டரை 1/1000-க்கு ஏற்றி, நல்ல வெயிலில் வையுங்கள்.

விஸ்காம் மாணவி, கோவை: கடைசியாக ஒன்று அக்கா. ஒரு நிமிடப் படத்துக்கு எத்தனை ஃபோட்டோ? டெட்லைன் மூன்று வாரம்தான்.

நொடிக்கு 24 பிரேம், ஒவ்வொரு ஃபோட்டோவையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720. மூன்று வாரத்தில் எழுத்து வேலையும் சேர்த்து அது நடக்காது. 20 விநாடி போதும், 240 ஃபோட்டோ. களிமண் வேண்டாம், இந்த வெக்கைக்கும் விளக்குச் சூட்டுக்கும் பிளாஸ்டிசின் தொய்ந்துவிடும். அட்டை வெட்டி மேலிருந்து எடு. 240-ஐயும் சின்னதாக அச்சடித்து காண்டாக்ட் ஷீட்டாக ரெக்கார்டில் ஒட்டு, பக்கத்திலேயே ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எழுது. டைட்டில் கார்டை முதலில் எடுத்துவிடாதே, அதுதான் கடைசி நாளில் மாறும்.