தலைப்பட்டையிலிருந்து நழுவிய கோப்ரோவுக்கு
டக் டைவில், அதாவது மூச்சடக்கித் தலைகீழாகக் கடலுக்குள் இறங்கும்போது, தலைப்பட்டை உருவி, கோப்ரோ கேமரா 15 மீட்டர் ஆழத்தில் போய்விட்டது என்றீர்கள். புதியதைத் தலையில் மாட்டவே வேண்டாம். தலைகீழாகத் திரும்பும்போது தண்ணீர் அங்கேதான் இழுக்கும். கைப்பிடியில் பொருத்தி, மணிக்கட்டில் இறுகும் குட்டைக் கயிற்றோடு பிடியுங்கள். கயிறு நீண்டால் பவளப்பாறையில் சிக்கும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடை பெல்ட்டில் அதைக் கட்டவே கட்டாதீர்கள், ஆபத்தில் முதலில் கழற்றி விடுவது அந்த பெல்ட்டைத்தான்.

மிதக்கும் கைப்பிடி நல்லதுதான். ஆனால் கேமராவோடு சேர்த்து வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், சிலது மூழ்கிவிடும். நல்ல தண்ணீரில் மிதந்தால் கடலிலும் மிதக்கும். அப்புறம், தண்ணீர் புகாத உறை இல்லாமல் பெரும்பாலான கோப்ரோக்கள் 10 மீட்டர் வரைதான் தாங்கும், உங்கள் ஆழத்துக்கு உறை கட்டாயம்.

மறுபடி நழுவினால் துரத்தாதீர்கள். மேலே வந்து, நன்றாக மூச்சு வாங்கி, துணைக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்க அடுத்த முறை இறங்கி எடுங்கள்.