திருச்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 16 மணி நேரத்தில் போய்விட முடியுமா?

கேள்வி: இணையத்தில் தேடினால் திருச்சி–சான் பிரான்சிஸ்கோ 14,200 கி.மீ., 16 மணி நேரம் என்று வருகிறது. கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மாவை அனுப்ப இதை நம்பலாமா?

தூரம் சரிதான். நேரத்தை நம்பாதீர்கள்.

14,200 என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, அலாஸ்கா வழியாக இறங்கும். அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து 16 மணி போட்டுவிடுகிறார்கள். அப்படிப் பறக்க திருச்சியிலிருந்து நேர் விமானமே கிடையாது.

நம் பக்கத்துக்குத் தோதான வழி சிங்கப்பூர். திருச்சி–சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கி.மீ., 4 மணி நேரம். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,600 கி.மீ. ஆக, 2,400 கி.மீ. சுற்றுதான். ஆனாலும் வயதானவர்களைச் சென்னைக்கு ஆறேழு மணி நேரம் காரில் உட்காரவைப்பதைவிட, தஞ்சாவூர் வழியாக இரண்டரை மணியில் திருச்சி போய்ச் சேர்வதே மேல் என்பேன். டிக்கெட்டை மட்டும் ஒரே பதிவாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சிங்கப்பூரில் பெட்டிக்காக அலைய வேண்டிவரும். பதியும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

சிங்கப்பூரிலிருந்து போக 15 மணி நேரம், திரும்ப 17ஐ நெருங்கும். பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது முகத்தில் அடிக்கும்.

கார், மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது, சிங்கப்பூரில் காத்திருப்பு, அமெரிக்கக் குடிநுழைவு வரிசை எல்லாம் சேர்த்தால் வாசல்படியிலிருந்து வாசல்படிக்கு முப்பது மணி நேரம். (கறிவேப்பிலையை அம்மா பெட்டியில் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை இலைக்கு அங்கே தடை.)

பெரியவர்களைக் குழப்புவது தேதிதான். கோடையில் சிங்கப்பூரில் காலை 9 மணிக்குக் கிளம்பினால், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போதும் அதே நாள் காலை 9 மணி வாக்கில்தான் இருக்கும். இடையில் ஓர் இரவு வந்து போயிருக்கும்! என் அப்பா கைக்கடிகாரத்தை மாற்றவே மறுத்துவிட்டார். "ஊர்ல மணி எட்டாச்சு, சுகர் மாத்திரைய எடு" என்று நடுவானில் அம்மாவை எழுப்பினாராம். மாத்திரை வேளையை டாக்டரிடம் முன்பே கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. திங்கள் இரவு ஏறினால் சிங்கப்பூரில் புதன் காலைதான் இறங்குவார்கள். திருச்சிக்கு அழைக்க வரும் கார்க்காரரிடம் செவ்வாய் என்று சொல்லிவிடாதீர்கள்.