தொடையெலும்புக் கட்டியை அகற்றியபின் வைக்கும் மூட்டு நழுவாதிருக்குமா?

சாவகச்சேரி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: தம்பிக்குத் தொடையெலும்பின் மேல்முனையில் கொண்ட்ரோசார்க்கோமா எனும் குருத்தெலும்புப் புற்றுக்கட்டி, அப்பகுதியை வெட்டியெடுத்துச் செயற்கை இடுப்பு மூட்டு வைக்க வேண்டும், சென்னையில் முப்பரிமாண அச்சில் செய்த மூட்டு ஆயுளுக்கும் நழுவாது என்று தரகர் ஒருவர் முற்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மூட்டுப் பந்தைக் கிண்ணத்துக்குள் இழுத்துப் பிடித்திருப்பவை பிட்டத் தசைகளும் மூட்டுறையுமே. கட்டியோடு இவற்றின் பிடிமானமும் போய்விடுவதால்தான் மூட்டு நழுவுகிறது. உலோகத்தை எந்த இயந்திரம் வார்த்தது என்பது இதில் இரண்டாம் பட்சம். எனவே, எஞ்சும் தசையை எதனோடு தைப்பீர்கள், உலோகத்தின்மேல் செயற்கை நார்வலை சுற்றுவீர்களா, 1970களில் பிரான்சில் உருவான, பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவுக் கிண்ணம் பொருந்துமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.

அச்சிட்ட மூட்டு உண்மையில் உதவுவது இடுப்பெலும்பின் குழியையே அகற்றும்போதுதான். தொடையெலும்புக்கு, துண்டு துண்டாகப் பொருத்தி நீளத்தைச் சத்திரசிகிச்சை மேசையிலேயே சரிசெய்யக்கூடிய ஆயத்த மூட்டு போதும். அச்சிட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கட்டி வளர்ந்தால் வெட்டும் எல்லை மாறி, பழைய ஸ்கானை வைத்துச் செய்த மூட்டு பொருந்தாமற் போகும். இதைத் தரகர் சொல்லமாட்டார்.

மூட்டை எலும்புக்குள் நிலைநிறுத்தும் முறையில் ஒரு விலக்கை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். எலும்புக்குள் செருகும் மூட்டின் நுண்துளைத் தண்டு அங்கே நிலைப்பதற்கு உயிருள்ள எலும்பு அத்துளைகளில் வளர வேண்டும். கதிர்ச் சிகிச்சை பெற்ற எலும்பு அப்படி எளிதில் வளராது. வேறோர் உறுப்பிலிருந்து புற்றுநோய் பரவி வந்த முதியவருக்கோ மாதக்கணக்கில் காத்திருக்கும் வசதி இல்லை. இவ்விரு நிலைகளிலும் சில நிமிடங்களில் இறுகும் எலும்புச் சீமெந்தே பெரும்பாலும் நல்லது. நோயாளி விரைவில் காலூன்றலாம். கொண்ட்ரோசார்க்கோமா கதிருக்கு அவ்வளவாக அடங்குவதில்லை என்பதால் உங்கள் தம்பிக்கு இந்த விலக்கு பொருந்தாமலிருக்கலாம். ஆயினும் “சீமெந்து பழைய முறை” என்று தரகர் பயமுறுத்தினால் மயங்க வேண்டாம்.

அரச ஆஸ்பத்திரியில் மூட்டு வாங்க, விலைமனு, அனுமதி, ஒப்பம் என்று கோப்பு மேசை மேசையாக ஊரும் இடைவெளியில்தான் இத்தகைய தரகர்கள் நுழைகிறார்கள். அந்தத் தாமதத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனாலும் தெல்லிப்பளைப் புற்றுநோய்ப் பிரிவிலோ மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ இக்கேள்விகளை எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கு செய்தாலும், மூட்டின் தயாரிப்பாளர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டிகளின் பிரதியை நோயறிகை அட்டையோடு கேட்டு வாங்குங்கள். பின்னொரு நாள் ஒரு பாகத்தை மாற்ற நேர்ந்தால், அதற்குப் பொருந்தும் பாகத்தைத் தேட அந்த எண்கள் வேண்டும். தரகரை நம்பிப் போய்வருபவர்களிடம் பலாலி விமானச் சீட்டு இருக்கும், ஒட்டி இருக்காது.